833ஏ டெஸ்லா காயில்: பிளேட் ஆரஞ்சாகச் சிவக்கிறது, பொறி 40 செ.மீ. தாண்ட மாட்டேன் என்கிறது

#1 நீலப்பொறி

வணக்கம். ஒற்றை 833ஏ (பெரிய டிரான்ஸ்மிட்டர் வால்வு) வைத்து, உச்சியிலிருந்து காற்றில் நீளமான பொறி விடும் ஒரு வால்வு டெஸ்லா காயில் கட்டியிருக்கிறேன். ஓடுகிறது, பொறியும் வருகிறது. ஆனால் உள்ளே போகும் மின்சாரத்துக்கு இந்தப் பொறி ரொம்பக் குறைவு. விவரம் முழுவதையும் போட்டுவிடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

செகண்டரி (பொறி கிளம்பும் உயரமான சுருள்): 11 செ.மீ. குழாயில் 45 செ.மீ. உயரத்துக்கு எனாமல் கம்பி, சுமார் 1000 சுற்று. மேலே சின்ன டோராய்டு, அதில் ஒரு கூர்முனை. சிக்னல் ஜெனரேட்டரும் ஸ்கோப்பும் வைத்துப் பார்த்ததில் ஒத்திசைவு 280 கிலோஹெர்ட்ஸ்.

பிரைமரி (வால்வு ஓட்டும் சுருள்): 18 செ.மீ. விட்டம், சுற்றுக்குச் சுற்று 4 மி.மீ. இடைவெளி, மொத்தம் 40 சுற்று. 28இலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் டேப் (இணைப்பு முனை) எடுத்திருக்கிறேன். பிரைமரியோடு சேர்ந்து ஒத்திசையும் டேங்க் கெப்பாசிட்டர் 2 நானோஃபாரட். 33ஆவது டேப்பில் பிரைமரியும் சரியாக 280க்கு வருகிறது, அதனால் அங்கேயே வைத்திருக்கிறேன். வால்வைத் திறந்து மூடும் கிரிட்டுக்குச் சிக்னலைத் திருப்பித் தரும் ஃபீட்பேக் சுருள் 20 சுற்று. கிரிட் லீக் (கிரிட் கரன்ட் வடியும் மின்தடை) 5 கிலோஓம், அதோடு 2 நானோஃபாரட்.

சப்ளை: ஒரு மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்த லெவல் ஷிஃப்டர், முன்னால் வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்).

வேரியாக்கை முழுதாகத் திருப்பினால் வாட்மீட்டரில் 1300 வாட். பொறி 40 செ.மீ. அரை நிமிடத்துக்குள் பிளேட் (வால்வுக்குள் இருக்கும் நேர்மின்வாய்த் தகடு) ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடுகிறது, உடனே அணைத்துவிடுகிறேன். டோராய்டைப் பெரிதாக்கலாமா, இல்லை இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்கலாமா என்று யோசனை.

#2 வால்வுவாத்தியார்

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் பொறி கொஞ்சம் நீளும், வால்வு சீக்கிரம் போய்விடும். 1300 வாட் வாங்கி 40 செ.மீ. தருகிறது என்றால் பாதிக்கு மேல் பிளேட்டிலேயே சூடாகப் போகிறது. முதலில் அதைத் திருப்ப வேண்டும்.

உங்கள் 280 கிலோஹெர்ட்ஸ் சரியான அளவுதான். ஆனால் அது பொறி இல்லாத காயிலின் அளவு. பொறி கிளம்பிய நொடியிலிருந்து செகண்டரியின் உச்சியில் கூடுதலாக ஒரு கெப்பாசிட்டர் ஒட்டிக்கொள்கிறது. 30 செ.மீ. பொறிக்கு சுமார் 1 பிகோஃபாரட் என்பது காயில் கட்டுபவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. உங்கள் சுருள் சுமார் 24 மில்லிஹென்ரி வரும். 280 கிலோஹெர்ட்ஸ் என்றால் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 13.5 பிகோஃபாரட். இதோடு 60 செ.மீ. பொறிக்கு 2 பிகோஃபாரட் சேர்த்தால் 15.5. அதிர்வெண் 261க்கு இறங்கிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் மாவு பூசிய பிறகுதான் சுருதி பார்ப்பார்கள். இதுவும் அப்படித்தான், பொறி ஏறிய காயிலுக்குத்தான் டியூன் செய்ய வேண்டும்.

எந்தப் பக்கம் தவறுகிறோம் என்பது இங்கே முக்கியம். பிரைமரியின் அதிர்வெண் உயரமாக இருந்தால், பொறி வளர வளர செகண்டரியின் அதிர்வெண் கீழே இறங்கி இன்னும் விலகிப்போகும். பொறி தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். பிரைமரியைத் தாழ்வாக வைத்தால், பொறி வளர வளர செகண்டரி இறங்கி வந்து பிரைமரியோடு சேரும். பொறி நீளும்போது டியூனிங் மேலும் பொருந்துகிறது. வால்வு காயிலில் நீளம் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

37ஆவது டேப்பில் பிரைமரி சுமார் 190 மைக்ரோஹென்ரி வரும். 2 நானோஃபாரட்டோடு 258 கிலோஹெர்ட்ஸ். வேரியாக்கைப் பாதியில் வைத்து 34, 35 என்று ஒவ்வொரு டேப்பாகப் போய்ப் பாருங்கள்.

கணக்கு வேண்டாம், அளந்தே பார்க்கிறேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. எதிர்பார்க்கும் பொறியின் நீளத்தில் பாதி அளவுக்கு மெல்லிய கம்பி ஒன்றைக் கூர்முனையில் நேராக நிறுத்தி, திரும்பவும் சிக்னல் ஜெனரேட்டரால் ஒத்திசைவைப் பாருங்கள். அதுதான் பிரைமரிக்கான இலக்கு. கம்பி ஒரே அளவு பொறியை விடக் கெப்பாசிட்டன்ஸ் கூடுதலாகக் காட்டும், அதனால்தான் பாதி.

#3 ஓம்விதி

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓடும்போது காயில் 280இலும் ஓடாது, 258இலும் ஓடாது. இரண்டு டேங்க்கும் (சுருளும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்த சுற்றுகள்) இறுக்கமாகப் பிணைந்திருக்கும்போது ஒத்திசைவு இரண்டாகப் பிரிந்துவிடும். வால்வு காயில்களில் இந்தப் பிணைப்பு, அதாவது கப்ளிங், பொதுவாக 0.2இலிருந்து 0.35 வரை இருக்கும். 0.25 என்று வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண் என்றால் கீழ் முனை அதன் 0.89 மடங்கிலும் மேல் முனை 1.15 மடங்கிலும் வரும். ஃபீட்பேக் பிரைமரியிலிருந்து வருவதால், எந்த முனையில் பிரைமரியின் பங்கு அதிகமோ அதை ஆசிலேட்டர் பிடித்துக்கொள்ளும். பிரைமரி தாழ்வாக இருந்தால் கீழ் முனை. உயரமாக இருந்தால் மேல் முனை.

அதனால் நீலப்பொறி, ஓடும்போது ஸ்கோப்பில் என்ன அதிர்வெண் தெரிகிறது என்று பாருங்கள். புரோபை எங்கேயும் தொடுக்க வேண்டாம். சில மீட்டர் தள்ளி வைத்து, முனையில் ஒரு சாண் கம்பி மாட்டினால் போதும். என் கணக்குப்படி 33ஆவது டேப்பில் 40 செ.மீ. பொறியோடு 316 பக்கம் இருக்க வேண்டும்.

#4 நீலப்பொறி

நன்றி சார், நன்றி ஓம்விதி. ஸ்கோப்பில் 314க்கும் 318க்கும் நடுவே தெரிகிறது. நீங்கள் சொன்ன மேல் முனைதான். சில நேரம் வேரியாக்கை ஏற்றும்போது பொறி திடீரென்று சுருங்கி ஒரு மாதிரி இரைச்சல் வரும், அப்போது 250க்கு ஒரு தாவல் தெரிகிறது. இரண்டு முனைக்கும் நடுவே தத்தளிக்கிறது போல.

டேப் மாற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

#5 மட்டுறுத்துநர்

டேப் மாற்றப் போகும் எல்லோருக்கும். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட்டுக்கு மேல் தாராளமாகக் கரன்ட் தரும், தொட்டவரை விடாது. ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். லெவல் ஷிஃப்டர் கெப்பாசிட்டரில் சுமார் 3000 வோல்ட் தேங்கி நிற்கும். 1 மைக்ரோஃபாரட்டில் அது 4 ஜூலுக்கு மேல். சில கெப்பாசிட்டர்களுக்குள்ளே 10 மெகாஓம் மின்தடை இருக்கும், அதை நம்பிக் கை வைக்கக் கூடாது. நீளமான காப்புக் கம்பின் முனையில் மின்தடை வைத்து முதலில் வடிக்கவும், பிறகு நேரடியாக ஷார்ட் செய்யவும், அந்த ஷார்ட் கம்பியை மாட்டியபடியே டேப்பைத் தொடவும். தனியாக இருக்கும்போது ஓட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களைப் பக்கத்தில் விட வேண்டாம்.

#6 நீலப்பொறி

வடிப்புக் கம்பு செய்துவிட்டேன், இனி அது மேசையிலேயே இருக்கும்.

முடிவுகள்: 34இல் பெரிய மாற்றமில்லை, அந்தத் தாவல் மட்டும் கூடியது. 35இல் சட்டென்று நிலைத்துவிட்டது, ஸ்கோப்பில் 245. 36இல் பொறி 52 செ.மீ., பிளேட் மங்கலான சிவப்போடு நின்றுவிட்டது. 37இல் 54 செ.மீ., 234 கிலோஹெர்ட்ஸ். 38இல் பொறி கிளம்பவே வேரியாக்கை அதிகம் ஏற்ற வேண்டியிருக்கிறது, நீளமும் குறைகிறது. ஆக 37. வாட்மீட்டர் 1300இலிருந்து 1200க்கு இறங்கிவிட்டது, பொறி 14 செ.மீ. கூடியிருக்கிறது!

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. கிரிட் லீக் மின்தடை (50 வாட் வகை) புகைகிறது. கிரிட் கரன்ட் மீட்டர் போட்டுப் பார்த்தேன், 95 மில்லிஆம்பியர்.

#7 மின்மினி

நீலப்பொறி, அந்த மீட்டரை நிரந்தரமாகவே விட்டுவிடுங்கள். வால்வு காயிலில் பிளேட் கரன்ட் மீட்டரை விட எனக்கு அதிகம் சொல்வது கிரிட் மீட்டர்தான்.

5 கிலோஓமில் 95 மில்லிஆம்பியர் ஓடினால் 475 வோல்ட், 45 வாட். 50 வாட் மின்தடை காற்றில்லாத மூலையில் இருந்தால் புகையாமல் என்ன செய்யும். 833ஏக்கு கிரிட் கரன்ட் எல்லை 100 மில்லிஆம்பியர், கிரிட் வோல்ட்டேஜ் எல்லை மைனஸ் 500. இரண்டுக்கும் விளிம்பில் நிற்கிறீர்கள். டியூனிங் சரியானதும் டேங்க்கில் வோல்ட்டேஜ் ஏறியிருக்கிறது, அதனால் அதே 20 சுற்று ஃபீட்பேக் இப்போது அதிகமாகிவிட்டது.

கிரிட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் பிளேட் வோல்ட்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கும் சின்ன இடைவெளியில் மட்டும் வால்வை முழுதாகத் திறப்பது. இரண்டு, மீதி நேரம் இறுக மூடி வைப்பது. திறக்கும் நேரம் குறுகக் குறுக பிளேட்டில் விழும் சூடு குறையும், இதுதான் கிளாஸ் சி. ஃபீட்பேக் குறைவாக இருந்தால் வால்வு பாதி திறந்தபடி நிற்கும், பிளேட் சிவக்கும். அதிகமாக இருந்தால் கிரிட் தின்றுவிடும். பிளேட்டின் சூடு கண்ணுக்குத் தெரியும், கிரிட்டின் சூடு தெரியாது, வால்வு போன பிறகுதான் தெரியும்.

ஃபீட்பேக்கை 16 சுற்றாகக் குறையுங்கள். சுருளைப் பிரைமரியிலிருந்து மேலும் கீழும் நகர்த்தும்படி செய்தால் இன்னும் நல்லது. கிரிட் கரன்ட் 50க்கும் 70 மில்லிஆம்பியருக்கும் நடுவே வந்தால் போதும். அப்போதும் பிளேட் குளிர்ச்சியாகவே இருந்தால் ஃபீட்பேக் போதுமானது என்று அர்த்தம். பிளேட் மறுபடி சிவந்தால், ஃபீட்பேக்கைக் கூட்டுவதற்கு முன் மின்தடையை மாற்றிப் பாருங்கள்.

லீக் கெப்பாசிட்டரைத் தேவையில்லாமல் பெரிதாக்காதீர்கள். 5 கிலோஓமும் 2 நானோஃபாரட்டும் சேர்ந்தால் 10 மைக்ரோசெகண்ட், உங்கள் அதிர்வெண்ணுக்கு இரண்டு மூன்று சுழற்சி. அது சரி. பல மடங்கு ஏற்றினால் வால்வு தன்னையே அடைத்துக்கொண்டு, திறந்து, மறுபடி அடைத்துக்கொள்ளும். பொறி கரகரவென்று கிழிந்த மாதிரி சத்தம் போடும், நீளமும் போய்விடும்.

கிரிட் முனையை ஒட்டியே ஒரு ஸ்டாப்பர் இருக்கிறதா? 50 ஓம் கார்பன் மின்தடையின் மேல் நாலைந்து சுற்று கம்பி. இல்லையென்றால் வால்வு எங்கேயோ பல மெகாஹெர்ட்ஸில் தனியாக ஆடிக்கொண்டிருக்கலாம், அந்தச் சக்தி முழுவதும் சூடுதான்.

#8 நீலப்பொறி

அக்கா, ஸ்டாப்பர் இல்லை, இன்றே போடுகிறேன். ஃபீட்பேக் 16 சுற்றில் கிரிட் 64 மில்லிஆம்பியர். பொறி அதே 54. பிளேட் நிறம் மாறவில்லை, ஒருவேளை இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கலாம், கண்ணால் சொல்ல முடியவில்லை.

நிறத்தைப் பார்த்துச் சொல்வதில் எனக்குத் திருப்தி இல்லை. அறை வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரிகிறது. பிளேட்டில் எத்தனை வாட் விழுகிறது என்று நிஜமாக அளக்க வழி உண்டா?

#9 வால்வுவாத்தியார்

உண்டு. உங்களிடம் இருக்கும் சாமானே போதும்.

வால்வைச் சுற்றி ஒரு புகைபோக்கி மாதிரி தகரக் கூண்டு, கீழிருந்து விசிறி, மேலே காற்று வெளியேறும் வாய். அந்த வாயில் ஒரு தெர்மாமீட்டர், உள்ளே வரும் காற்றில் இன்னொன்று. சாதாரண ஆல்கஹால் தெர்மாமீட்டராகவே இருக்கட்டும். டிஜிட்டல் வைத்தால் காயில் ஓடும்போது வாய்க்கு வந்ததைக் காட்டும்.

முதலில் ஃபிலமென்ட்டை மட்டும் போடுங்கள். 833ஏக்கு 10 வோல்ட், 10 ஆம்பியர், ஆக 100 வாட். அது துல்லியமாகத் தெரிந்த அளவு. காற்று எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு காயிலை ஓட்டி, ஏற்றம் நிலைத்ததும் பாருங்கள். ஃபிலமென்ட்டுக்கு 5 டிகிரி, ஓடும்போது 15 டிகிரி என்றால் மொத்தம் 300 வாட், அதில் பிளேட்டும் கிரிட்டும் சேர்ந்து 200. விசிறியின் வேகத்தை மாற்றக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கூண்டின் சுவர் வழியாகக் கொஞ்சம் தப்பும், ஆனால் இந்த டேப்பா அந்த டேப்பா என்று ஒப்பிட இது தாராளம்.

833ஏ காற்றடிக்காமல் 300 வாட் வரை தாங்கும், காற்றடித்தால் 400. அந்த எல்லைக்குள் சற்றே சிவப்பது அதற்கு இயல்புதான், சிவப்பைப் பார்த்ததுமே பதற வேண்டாம். கிராஃபைட் பிளேட் உள்ள வால்வுகளில் கதை வேறு. அங்கே சிவப்பு கண்ணில் படுகிறது என்றால் ஏற்கெனவே எல்லை தாண்டியாகிவிட்டது.

இன்னொன்று. ஃபிலமென்ட் வோல்ட்டேஜை டிரான்ஸ்ஃபார்மரில் அளக்காதீர்கள், வால்வின் பின்னிலேயே அளங்கள். 10 ஆம்பியருக்கு வயரிலும் சாக்கெட்டிலும் அரை வோல்ட் சுலபமாக விழுந்துவிடும். தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்ட் வோல்ட்டேஜ் குறைவாக இருக்கும்போது எமிஷன் (எலக்ட்ரான் வெளியீடு) பற்றாமல் திணறும், அதே நிலையில் முழு பிளேட் கரன்ட் இழுத்தால் தோரியம் அடுக்கு உரிந்துவிடும். பொறியின் உச்சத்தில் நாம் கேட்பது பல மடங்கு கரன்ட் என்பதால் இது நம் வேலைக்கு ரொம்பவே பொருந்தும்.

#10 நீலப்பொறி

கூண்டு செய்து அளந்தேன். வேரியாக் 70 சதவீதத்தில், ஏற்றம் நிலைக்கும் வரை ஓட்டினேன். ஃபிலமென்ட் மட்டும்: 5 டிகிரி. 33ஆவது டேப்: 24 டிகிரி. 37ஆவது டேப், 16 சுற்று ஃபீட்பேக்: 14 டிகிரி.

அதாவது முன்பு பிளேட்டும் கிரிட்டும் சேர்ந்து சுமார் 380 வாட், இப்போது 180. இத்தனைக்கும் இரண்டு முறையும் உள்ளே போனது 650 பக்கம்தான். வால்வில் வீணான 200 வாட் இப்போது பொறிக்குப் போகிறது என்பது கண்முன் தெரிகிறது. பின்னில் ஃபிலமென்ட் 9.3 வோல்ட்தான் இருந்தது, அதையும் வயரைத் தடிமனாக்கி 10க்குக் கொண்டுவந்துவிட்டேன்.

#11 ஓம்விதி

அருமையான அளவீடு. ஆனால் 200 வாட்டும் பொறிக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதில் ஒரு பங்கு டேங்க்கில் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் கெப்பாசிட்டர் என்ன வகை? பிரைமரிக்கு என்ன வயர்?

ஏன் கேட்கிறேன் என்றால், 190 மைக்ரோஹென்ரிக்கும் 2 நானோஃபாரட்டுக்கும் டேங்க்கின் மின்மறுப்பு சுமார் 308 ஓம். லெவல் ஷிஃப்டர் உச்சத்தில் 5900 வோல்ட் தருகிறது, அதில் ஆர்.எஃப். (உயர் அதிர்வெண்) ஆட்டம் 5000 வோல்ட் என்று வைத்தால் டேங்க்குக்குள் சுழலும் கரன்ட் 16 ஆம்பியர் உச்சம். கெப்பாசிட்டர் சுமப்பது 40 கிலோவோல்ட்ஆம்பியர். அதன் இழப்புக் குணகம் 0.0005 என்றால் 20 வாட், கவலையில்லை. 0.01 என்றால் 400 வாட்! உச்ச நேரத்துக் கணக்குதான் இது, சராசரி இதில் பாதிக்கும் கீழே. இருந்தாலும் அத்தனையும் பொறியிலிருந்து திருடியது.

அதனால்தான் மைக்கா, பாலிபுரொப்பிலீன், வேக்கம் கெப்பாசிட்டர் என்று கேட்கிறோம். கைப்பிடிக் குமிழ் மாதிரி இருக்கும் உருண்டை செராமிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. அதிக கெப்பாசிட்டன்ஸுக்காகச் செய்த பேரியம் டைட்டனேட் வகை சூடாகும், சூடானதும் மதிப்பு நகர்ந்து டியூனிங்கும் நகரும். ஓட ஓட பொறி சுருங்கிக்கொண்டே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

#12 நீலப்பொறி

ஓட ஓடச் சுருங்குவது எனக்கும் இருக்கிறது! முதல் சில நொடிகளில் 54, ஒரு நிமிடம் கழித்து 49. கெப்பாசிட்டர் அந்த உருண்டை செராமிக் இரண்டுதான், பக்கத்தில் பக்கத்தில். பிரைமரி சாதாரண பி.வி.சி. வயர். பிளக்கைப் பிடுங்கி, வடித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கெப்பாசிட்டரில் விரல் வைக்க முடியவில்லை. வயரும் நடுச் சுற்றுகளில் வெதுவெதுப்பு.

#13 ஓம்விதி

கிடைத்துவிட்டது. பாலிபுரொப்பிலீன் பல்ஸ் கெப்பாசிட்டர்களைத் தொடரும் இணையுமாக அடுக்கி 2 நானோஃபாரட் செய்யுங்கள். வோல்ட்டேஜ் தாங்குமா என்பதோடு, அந்த அதிர்வெண்ணில் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். டி.சி. வோல்ட்டேஜை மட்டும் பார்த்து அடுக்கியவை உருகிப் போகும்.

வயரைப் பொறுத்தவரை, 300 கிலோஹெர்ட்ஸில் செம்பில் கரன்ட் ஓடுவது மேல்தோல் 0.12 மி.மீ. ஆழத்துக்குத்தான். தடிமன் கூட்டுவதை விட மேற்பரப்பைக் கூட்டுவது பலன் தரும். லிட்ஸ் (தனித்தனியாகக் காப்பிட்ட மெல்லிய கம்பிகளின் கற்றை) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் தடித்த எனாமல் கம்பி. பி.வி.சி. உறையே ஆர்.எஃப். புலத்தில் சூடாகும் பொருள், அதை எடுத்துவிட்டாலே கொஞ்சம் மிச்சம்.

#14 பழையரேடியோ

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லாம் சரியான வழியில் போகிறது. ஆனால் நீலப்பொறி கேட்டது நீளம். அதைப் பற்றி நேராக ஒன்று சொல்ல வேண்டும்.

ஸ்பார்க் கேப் காயிலுக்கு ஒரு விதி புழங்குகிறது: வாட்டின் வர்க்கமூலத்தை 1.7ஆல் பெருக்கினால் அங்குலத்தில் நீளம். 1200 வாட்டுக்கு அது 59 அங்குலம், ஒன்றரை மீட்டர். வால்வு காயிலில் அந்த நீளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வால்வு தரும் உச்சச் சக்தி சின்னது, அதை நீண்ட நேரம் தருகிறது. ஆகவே சராசரி வாட்டை ஏற்றினால் பொறி தடிக்கும், கிளைக்கும், சத்தம் கூடும். நீளம் கொஞ்சம்தான் கூடும். உச்சத்தை உயர்த்திச் சராசரியைக் குறைப்பதுதான் வழி. அதற்குத்தான் ஸ்டக்காட்டோ, அதாவது விட்டு விட்டு ஓட்டும் முறை.

உங்கள் லெவல் ஷிஃப்டர் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டுக்கும் பிளேட் வோல்ட்டேஜைப் பூஜ்யத்திலிருந்து 5900 வரை ஏற்றி இறக்குகிறது (50 ஹெர்ட்ஸ் கணக்கு). இந்த மெதுவான ஏற்றம் ஒரு வரப்பிரசாதம். குறைந்த வோல்ட்டேஜில் சின்னப் பொறி பிறக்கிறது, வோல்ட்டேஜ் ஏற ஏற அதே சூடான பாதையிலேயே நீண்டுகொண்டு போகிறது. கிளை விட நேரமில்லை, வாள் மாதிரி நேராக நிற்கும். இதையே ஃபில்டர் செய்த டி.சி.யில் ஓட்டிப் பாருங்கள், குட்டையான தடித்த தீக்கொழுந்துதான் கிடைக்கும்.

ஸ்டக்காட்டோவில் கேத்தோடுக்கும் (இங்கே ஃபிலமென்ட்தான்) தரைக்கும் நடுவே ஒரு தைரிஸ்டர் (மின்னணு ஸ்விட்ச்). வோல்ட்டேஜ் அடிமட்டத்தில் இருக்கும் தருணத்தில் அதைத் திறந்து ஒரு முழு ஏற்ற இறக்கத்தை விடுகிறோம், அடுத்த மூன்று நான்கு சுழற்சிகளைத் தவிர்த்துவிடுகிறோம். பிளேட் சூடு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரும் நிம்மதியாக இருக்கும், வோல்ட்டேஜ் தொய்வும் குறையும்.

தைரிஸ்டருக்கு 6000 வோல்ட் தாங்கும் வகை வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். அது மூடியிருக்கும்போது கேத்தோடு மேலே மிதந்து, வால்வு தானே அடைபடும் வோல்ட்டேஜில் நின்றுவிடும். 833ஏயின் பெருக்கக் குணகம் 35, ஆகவே 5900ஐ 35ஆல் வகுத்தால் 170 வோல்ட் பக்கம். 1200 வோல்ட் தைரிஸ்டர் தாராளம். குறுக்கே வோல்ட்டேஜ் எகிறாமல் காக்கும் ஒரு வேரிஸ்டரும் ஆர்.எஃப். பைபாஸ் கெப்பாசிட்டரும் போடுங்கள். ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப்பைத்தான் தைரிஸ்டருக்குக் கொண்டுவர வேண்டும், அதன் காப்பு நன்றாக இருக்க வேண்டும்.

#15 மின்மினி

பழையரேடியோ சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. தூண்டும் தருணத்தைச் சரியாக அடிமட்டத்தில் வைக்கத் தேவையில்லை. நான் கொஞ்சம் தாமதமாக, ஏற்றம் தொடங்கியபின் தூண்டுகிறேன். ஆரம்ப ஒரு மில்லிசெகண்டில் வால்வுக்கு ஆட்டம் பிடிக்கவே வோல்ட்டேஜ் பற்றாது, அந்த நேரம் வீண் சூடு.

#16 பழையரேடியோ

கொஞ்சம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்றத்தின் நடுவில் தூண்டினால் பொறி ஒரேயடியாக வெடித்துக் கிளை விட்டுவிடும், வாள் போய்விடும். தாமதத்தை ஒரு பொட்டென்ஷியோமீட்டரில் வைத்து, பொறியைப் பார்த்தபடி திருப்புவதுதான் நல்லது. காயிலுக்குக் காயில் இது மாறும்.

#17 நீலப்பொறி

பாலிபுரொப்பிலீன் அடுக்கும் எனாமல் பிரைமரியும் போட்டாயிற்று. தொடர்ந்து ஓட்டினால் 58 செ.மீ., ஒரு நிமிடம் கழித்தும் அதே 58. சுருங்கவே இல்லை. கெப்பாசிட்டர்கள் தொட்டால் லேசான வெதுவெதுப்பு மட்டும்.

ஸ்டக்காட்டோவையும் போட்டேன். ஐந்தில் ஒரு சுழற்சி. முதல் முறை பார்த்தபோது பேச்சே வரவில்லை. அத்தனை நேரான பொறி, அடியில் ஊதாவும் வெள்ளையும், நுனியில் மட்டும் இரண்டு மெல்லிய நூலாகப் பிரிகிறது. 66 செ.மீ. வாட்மீட்டர் 300ஐத் தாண்டவில்லை, பிளேட் கருப்பாகவே இருக்கிறது.

தாமதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரு மில்லிசெகண்டு வரை நீளம் மாறவில்லை, காற்றின் வெப்பம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. நான்கைத் தாண்டினால் கிளைத்துக் குட்டையாகிறது.

இப்போது டோராய்டைப் பெரிதாக்கலாமா?

#18 வால்வுவாத்தியார்

சபாஷ் தம்பி. டோராய்டு இப்படியே இருக்கட்டும். பெரிதாக்கினால் பொறி கிளம்பவே அதிக வோல்ட்டேஜ் கேட்கும், மெதுவான ஏற்றத்தின் பலன் போய்விடும். வால்வு காயிலுக்குச் சின்ன டோராய்டும் நல்ல கூர்முனையும்தான் பொருத்தம். முனை உருகி மழுங்கியிருந்தால் அரத்தால் கூராக்குங்கள், அல்லது டங்ஸ்டன் கம்பி வையுங்கள்.

அதற்குப் பதிலாகக் கப்ளிங்கைத் தொடுங்கள். செகண்டரியை ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆகத் தாழ்த்திப் பாருங்கள். சக்தி சீக்கிரம் மாறும். ஆனால் சுருளின் உடம்பில் பொறி ஓட ஆரம்பித்தால், அல்லது பிரைமரியின் மேல் விளிம்புக்குத் தாவினால், உடனே பழைய இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். எனாமலில் ஒரு கரிக்கோடு விழுந்துவிட்டால் அது தானாகப் போகாது, சுரண்டி வார்னிஷ் பூச வேண்டும். செகண்டரியின் அடிமுனை வீட்டு எர்த்தோடு போகிறதா, தனிக் கம்பியா? தனித் தரைக்கம்பி வேண்டும், இணைப்பு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். செகண்டரியின் கரன்ட் முழுவதும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

அப்புறம் ஒன்று. பொறி 66க்குப் போயிருக்கிறது, டேப் இன்னும் 37இலேயே இருக்கிறது. அது 60 செ.மீ.க்குப் போட்ட கணக்கு. 38ஐ மறுபடி பாருங்கள். அன்று பொறி கிளம்பத் திணறியது, இன்று உச்ச வோல்ட்டேஜ் தொய்வில்லாமல் வருகிறது.

#19 நீலப்பொறி

38இல் 71 செ.மீ., ஸ்கோப்பில் 227 கிலோஹெர்ட்ஸ். கிரிட் கரன்ட் சராசரி 14 மில்லிஆம்பியருக்கு வந்துவிட்டது. 39இல் கிளம்பவில்லை.

தரைக்கம்பி தனியாக அடித்துவிட்டேன், செப்புப் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கப்ளிங்கை நாளை தொடுகிறேன். ஸ்டக்காட்டோவில் இருக்கும்போது கிரிட் லீக்கை 5 கிலோஓமிலிருந்து மாற்ற வேண்டுமா, அக்கா?

#20 மின்மினி

மாற்ற வேண்டாம். மீட்டர் 14 காட்டுவது ஐந்தில் ஒரு சுழற்சி என்பதால்தான், ஓடும் அந்த 20 மில்லிசெகண்டில் கிரிட் பார்ப்பது பழைய அளவேதான். ஸ்டக்காட்டோவில் சராசரி மீட்டரைப் பார்த்து ஃபீட்பேக்கைக் கூட்டிவிடாதீர்கள். கூட்டுவதாக இருந்தால் லீக் மின்தடைக்குக் குறுக்கே உச்ச வோல்ட்டேஜை அளந்து, 500க்குள் நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சுற்று மட்டும்.